பொது நூலகக் கட்டடம் அழகாக இருக்கக் கூடுதல் பணம் செலவிடலாமா? எதிர்ப்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?

நிலைப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புதிதாகக் கட்டவிருக்கும் ஒரு பொது நூலகத்தின் ஆலோசனைக் குழுவில் வாசகர்கள் சார்பாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியை. கட்டட வேலை பற்றி எனக்கு எதுவும் தெரியாது, புத்தகம் எடுக்கப் போகிறவள் என்பது மட்டும்தான் தகுதி.

எங்கள் முன் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று, தட்டைக் கூரை போட்ட நேரான பெட்டி. வேலை நடக்கும், இடம் போதும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி வாசிப்பறைகள், உயரமான ஜன்னல்கள், நுழைவில் அகலமான கல் படிக்கட்டு. படி ஓரங்களில் உட்கார்ந்தே படிக்கலாம். இது முதலாவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் செலவாகும் என்கிறார்கள்.

பொதுமக்கள் கருத்துக் கூட்டத்தில் ஒரே இரைச்சல். "தெருவில் தண்ணீர் தேங்குகிறது, உங்களுக்குக் கல் படிக்கட்டு கேட்கிறதா?" என்று ஒருவர் கத்தினார். கைத்தட்டல். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "வங்கி அழகாக இருக்கலாம், ஹோட்டல் அழகாக இருக்கலாம், நமக்கென்று கட்டுவது மட்டும் எப்போதும் கிடங்கு மாதிரிதான் இருக்க வேண்டுமா?" என்று கேட்டார். அதற்கும் கைத்தட்டல். கை தட்டியவர்களில் பலர் இரண்டுக்கும் தட்டியவர்கள். அதுதான் என்னைக் குழப்புகிறது.

எனக்கு இரண்டாவது வரைபடம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருக்கிறது என்பது ஒரு காரணமா? மக்கள் உண்மையில் எதை எதிர்க்கிறார்கள்? நேர்மையாக எப்படி வாதாடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடிகால் எழுதியது:

கத்தியவர் பக்கம்தான் நான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பொதுப் பணம் அளவானது. கூடுதலாகப் போகும் அந்த ஐந்தில் ஒரு பங்கு வேறு எங்கிருந்தோ வெட்டித்தான் வரும். புத்தகம் வாங்கும் தொகையிலிருந்து வெட்டுவார்கள், நூலகர் பணியிடத்திலிருந்து வெட்டுவார்கள். ஜன்னல் உயரமாக இருக்கும், அலமாரி காலியாக இருக்கும்.

வரலாற்றில் ஒரு உதாரணம். சோவியத் நாட்டில் ஸ்டாலின் காலத்தில் மாஸ்கோ மெட்ரோ நிலையங்களைச் சலவைக்கல்லும் சரவிளக்குமாகக் கட்டினார்கள். 1935-இல் முதல் பாதை திறந்தது. அப்போது அதே நகரத்தில் ஒரே வீட்டில் அறைக்கு ஒரு குடும்பமாக, ஒரு சமையலறையைப் பகிர்ந்துகொண்டு மக்கள் வாழ்ந்தார்கள். 1955 நவம்பரில், ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷேவ் ஆட்சி கட்டடங்களில் மிகை அலங்காரத்தை ஒழிக்க ஆணை பிறப்பித்தது. அதன்பின் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்திய ஐந்து மாடிக் குடியிருப்புகள் நாடெங்கும் எழுந்தன. அழகு கிடையாது, லிப்ட் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கான மக்களுக்கு முதல் முறையாகத் தனிக் கதவு கிடைத்தது. எது மக்களுக்குச் செய்த மரியாதை? சரவிளக்கா, தனிக் கதவா?

இதற்குப் பதில் இருந்தால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

ரசமட்டம் எழுதியது:

நிலைப்படி அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் பொதுக் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போட்டு, அளவெடுத்து, பில் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், அலுவலகம் எல்லாம் கையில் வந்து போயிருக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் கை தட்டியவர்கள் குழம்பியவர்கள் இல்லை. மக்கள் அழகை எதிர்த்து நான் பார்த்ததே இல்லை. சொன்ன கணக்கு ஒன்று, கட்டி முடித்த கணக்கு வேறு என்று ஆகும்போதுதான் கொதிக்கிறார்கள். அது பலமுறை நடந்ததால், 'அழகு' என்ற சொல்லைக் கேட்டவுடனே பையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த சிட்னி ஓபரா ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் போட்டி வைத்து டென்மார்க்கின் யோர்ன் உட்சோன் வரைந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963-இல் முடியும் என்றார்கள். திறந்தது 1973-இல், ஆன செலவு 10 கோடியே 20 லட்சம். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் சிப்பி ஓடு போன்ற அந்தக் கூரையைக் கை காட்டுவார்கள். என் தொழில் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது. அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், 1959-இலேயே, அரசின் அவசரத்துக்காக அடித்தளத்தைத் தொடங்கிவிட்டார்கள். கூரையின் கணக்கு பிடிபட்டபோது, கீழே போட்ட தூண்கள் அதன் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். 1966-இல் உட்சோன் சண்டையில் விலகினார். கட்டி முடித்த அந்தக் கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தின் எல்ப்ஃபில்ஹார்மனி இசை அரங்கமும் இதே கதை. நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று தொடங்கி 78.9 கோடியில் முடிந்தது. 2010-இல் திறக்க வேண்டியது 2017 ஜனவரியில் திறந்தது. நகரச் சட்டமன்றம் விசாரணைக் குழு வைத்தது. வரைபடம் முடியும் முன்பே ஒப்பந்தம் போட்டதுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 4 கோடி பவுண்டு வரை ஆகும் என்று பேசப்பட்டு, 41.4 கோடியில் 2004-இல் முடிந்தது. அதற்கும் விசாரணை, அங்கேயும் வடிவமைப்பு முடியாமலே வேலை ஓடியது. அதற்கு வெகுகாலம் முன்பு, 1834 தீ விபத்துக்குப் பிறகு லண்டன் நாடாளுமன்றத்தை ஆறு வருடத்தில் 7 லட்சம் பவுண்டில் கட்டிவிடலாம் என்றார்கள். முப்பது வருடம் இழுத்தது, 20 லட்சத்தைத் தாண்டியது.

வரைந்து முடிக்காத வேலைக்கு எஸ்டிமேட் என்று ஒன்று கிடையாது. யாரோ எங்கோ அனுமதி வாங்குவதற்காகச் சொன்ன எண்தான் அது. சிறிய எண்ணைச் சொன்னால் கையெழுத்து கிடைக்கும், கையெழுத்து கிடைத்தபின் பாதியில் நிறுத்த முடியாது. இந்த வித்தை பெட்டிக் கட்டடத்திலும் நடக்கும். பெட்டியில் நடந்தால் செய்தி ஆவதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அம்மா, ஐந்தில் ஒரு பங்கு என்ற எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அது எதிலெல்லாம் போகிறது என்று பிரித்துக் கேளுங்கள். முற்றம் வைத்தால் அதே தரைப்பரப்புக்கு வெளிச்சுவரின் நீளம் கூடும். நான்கு சுவர் வைத்துக் கட்டினால் சதுரப் பெட்டிதான் குறைந்த சுவரில் அதிக இடம் தரும், இது கணக்கு, இதில் விவாதம் இல்லை. அது உண்மையான கூடுதல் செலவு. ஆனால் அந்தச் சுவரால்தான் கட்டடத்தின் நடுவிலும் பகல் வெளிச்சம் விழுகிறது, காற்று ஊடே போகிறது. அகலமான பெட்டியின் நடுவில் நட்டநடுப் பகலிலும் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஓடியாக வேண்டும். அந்த மின்கட்டணம் கட்டட எஸ்டிமேட்டில் வராது, நூலகத்தின் வருடச் செலவில் வரும். இரண்டு கணக்கும் இரண்டு வேறு மேசைகளில் இருப்பதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. அலங்காரம் என்று எடுத்து எறிவதில் பாதி அலங்காரமே இல்லை. பழைய கட்டடங்களில் ஜன்னலுக்கு மேலும் கூரை விளிம்பிலும் சுவரைவிட்டு வெளியே தள்ளி நிற்கும் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அடியில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். மழைநீர் அங்கே அறுந்து கீழே சொட்டும், சுவரில் வழியாது. செலவைக் குறைக்கிறேன் என்று அதை நீக்கி மொட்டைச் சுவர் எழுப்பினால், சில மழைக்காலத்திலேயே ஒவ்வொரு ஜன்னலின் இரு முனையிலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கும். அந்த வழியே ஈரம் உள்ளே போகும், பூச்சு உதிரும், கம்பி துருப்பிடிக்கும். அந்தப் பட்டையை வெட்டச் சொல்லி வரும் கடிதங்களுக்கு நான் எழுதிய பதில்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கும். சில இடங்களில் பட்டை தப்பியது.

வடிகால் சார், உங்கள் கேள்வி நல்ல கேள்வி. தனிக் கதவு பெரியது, மறுக்கவே மாட்டேன். ஆனால் தனிக் கதவா அழகா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். முதல் உலகப் போரில் தோற்று, பணமில்லாமல் கிடந்த ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 1923-இல் வீட்டு வரி ஒன்று போட்டது. பெரிய வீட்டுக்காரர் அதிக விகிதத்தில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளர்களுக்காகக் கட்டினார்கள். அதில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு வளாகம் 1930-இல் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள், கோட்டைவாசல் போன்ற வளைவுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டினார்கள், மீதியெல்லாம் முற்றமும் தோட்டமும். வீடுகள் சிறியவை, தனிக் குளியலறை கூடக் கிடையாது. பொதுக் குளியலறையும் துணி துவைக்கும் கூடமும் குழந்தைகள் பள்ளியும் நூலகமும் வளாகத்திலேயே இருந்தன. இன்றைக்கும் மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளே சிக்கனம், எல்லோரும் நடக்கும் இடத்தில் தாராளம். ஏழை நகரம் அழகாகக் கட்டிய விதம் அது.

மலிவு என்பது எப்போதும் மலிவாகவே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் பள்ளிகளுக்குக் கூரையாக ஒரு வகைக் கான்கிரீட் பலகை போட்டார்கள். உள்ளெல்லாம் காற்றுக் குமிழ், எடை குறைவு, விலை குறைவு, சீக்கிரம் பொருத்தலாம். 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்கும்போது, இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளிடம் அந்தக் கூரை உள்ள பகுதிகளை மூடச் சொன்னார்கள். சில கூரைகள் எச்சரிக்கை இல்லாமல் விழுந்திருந்தன. அசிங்கமாக இருந்ததால் அவை கெட்டுப்போகவில்லை. நீண்டநாள் நிற்க வேண்டியதை அன்றைய பில்லை மட்டும் பார்த்துக் கட்டினார்கள். அந்த மனநிலையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நிலைப்படி எழுதியது:

ரசமட்டம் ஐயா, மிக்க நன்றி. பட்டைக்கு அடியில் பள்ளம் இருப்பதை இன்று மாலை ஒரு பழைய கட்டடத்தில் போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் அதன் கீழே நடந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஒரு சந்தேகம். சிட்னியையும் ஹாம்பர்க்கையும் இப்போது எல்லோரும் கொண்டாடுகிறார்களே? செலவு மறந்துபோனது, கட்டடம் நிற்கிறது. அப்படியென்றால் கணக்கு தப்பினாலும் பரவாயில்லை என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார்.

ரசமட்டம் எழுதியது:

அந்த வாதத்தை மேசைக்குக் கொண்டுவரவே விடாதீர்கள் அம்மா. நன்றாக அமைந்தவற்றைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கணக்கும் தப்பி, கட்டடமும் யாருக்கும் பிடிக்காமல் போனவற்றின் பெயர் நமக்குத் தெரியாது. சிட்னிக்குப் பெரும்பாலான பணம் அதற்கென்றே நடத்திய லாட்டரியில் வந்தது, 1975-க்குள் கடன் தீர்ந்தது. உங்கள் நூலகத்துக்கு லாட்டரி இல்லை. கூடுதல் ஒவ்வொன்றும் வடிகால் சார் சொன்னதுபோல் புத்தகத்திலிருந்துதான் போகும்.

ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் கவனிக்க வேண்டிய வேறு ஒன்று இருக்கிறது. எல்ப்ஃபில்ஹார்மனியில் கச்சேரி டிக்கெட் இல்லாதவரும் மேலே ஏறி ஆற்றையும் துறைமுகத்தையும் பார்க்கும்படி எல்லோருக்கும் பொதுவான தளம் வைத்தார்கள். அரங்கம் திறப்பதற்கு முன்பே அதைத் திறந்துவிட்டார்கள். சிட்னியில் படிக்கட்டில் உட்கார யாரும் காசு கேட்பதில்லை. பணம் கொடுத்தவன் உள்ளே போக முடிந்தால் கோபம் குறையும். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கல்லை யாரும் மன்னிப்பதில்லை. உங்கள் வரைபடத்தில் கல் படிக்கட்டு இருக்கிறதே, நூலகம் மூடிய பிறகும் அதில் உட்காரலாமா, அல்லது இரும்புக் கதவு போடப் போகிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரும்புக் கதவு வருமானால் அந்தப் படிக்கட்டுக்காக நானே வாதாட மாட்டேன்.

சாவிக்கொத்து எழுதியது:

நான் வரைபவளும் இல்லை, எஸ்டிமேட் போடுபவளும் இல்லை. ஒரு பெரிய பொதுக் கட்டடத்தின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறவள். துப்புரவு, மின்சாரம், தண்ணீர், பூட்டு எல்லாம் என் பொறுப்பு. இந்தப் பேச்சில் எங்களை யாரும் கேட்பதே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடம் திறந்தபோது பத்திரிகையெல்லாம் படம் போட்டது. நுழைவில் மூன்று மாடி உயரக் கண்ணாடி. அதை வெளியிலிருந்து துடைக்க ஆள் நிற்க இடமே வைக்கவில்லை. வாடகைக்கு இயந்திரத் தூக்கி கொண்டுவர வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் அனுமதிக்க வேண்டும். அனுமதி வரும்வரை பறவை எச்சமும் தூசியும் அப்படியே இருக்கும். வருகிறவர்கள் எங்களைத்தான் திட்டுவார்கள். கூரையில் நீர் போகும் வழி அழகுக்காகச் சுவருக்குள் மறைத்துவைத்த குழாய். இலை அடைத்தால் எங்கே அடைத்தது என்று தெரியாது. சுவரை உடைத்துத்தான் பார்ப்போம்.

அழகு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே கட்டடத்தில் படிக்கட்டின் கைப்பிடி மரத்தில் செய்தது. இத்தனை பேர் பிடித்து ஏறி இறங்கி அது வழவழப்பாகியிருக்கிறது, ஒருநாளும் எனக்குத் தொந்தரவு கொடுத்ததில்லை. தரையில் பதித்த கல்லும் அப்படித்தான், துடைத்தால் புதிதாகிவிடும். கைபடும் இடத்திலும் கால்படும் இடத்திலும் நல்ல பொருள் போடுங்கள். கைக்கு எட்டாத இடத்தில் போடுவதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

மெடயீன் நகரத்து நூலகம் பற்றிப் படித்திருக்கிறீர்களா? கொலம்பியாவில், மலைச்சரிவில் இருக்கும் ஏழைக் குடியிருப்புக்கு நடுவில், 2007-இல் எஸ்பான்யா நூலகப் பூங்காவைத் திறந்தார்கள். கறுப்புப் பாறைகள் மூன்று நிற்பது போன்ற கட்டடம். செர்ஹியோ ஃபஹார்தோ என்ற மேயர், மிக ஏழை மக்கள் வாழும் இடத்தில்தான் மிக அழகான கட்டடம் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து அப்படிப் பல நூலகங்களைக் கட்டினார். எனக்கு அந்த எண்ணம் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தின் வெளிப்புறக் கல் தகடுகளில் கோளாறு வந்து, வலைபோட்டு மூடி, பல வருடம் பூட்டிக் கிடந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நல்ல மனதோடு கட்டினாலும் மழையும் ஒட்டுவேலையும் தங்கள் கணக்கைக் கேட்கும்.

ரசமட்டம் எழுதியது:

சாவிக்கொத்து அம்மா எழுதியதை அப்படியே அச்செடுத்துக் குழுவில் கொடுங்கள். என் பதிலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பராமரிப்பு என்றதும் கார்னகி நினைவுக்கு வருகிறார். எஃகில் சம்பாதித்த ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் உலகம் முழுக்க 2,509 நூலகங்கள் எழுந்தன. பணம் சும்மா வரவில்லை. மனையை ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் நூலகத்தை நடத்த வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவோம் என்று எழுதித் தர வேண்டும். சில ஊர்கள் அந்த வரிக்குப் பயந்தே பணம் வேண்டாம் என்றன. அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம், வீண் பகட்டு செய்து இடத்தை வீணாக்கிய வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, 1911-இல் வழிகாட்டிக் குறிப்பு ஒன்றே வெளியிட்டார். பெரிய வாசலுக்கும் கூடத்துக்கும் இடத்தை விடாமல் வாசிப்பறைக்குக் கொடு என்பது அதன் சாரம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கட்டியவையும் அழகாகத்தான் இருக்கின்றன.

வடிகால் எழுதியது:

பராமரிப்புப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். அழகு எது என்று முடிவு செய்வது யார்? வல்லுநர்கள் கூடிப் பாராட்டுவது ஒன்று, நமக்குப் பிடிப்பது ஒன்று. 1976-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களிடமும் வரலாற்றாளர்களிடமும் எடுத்த கணிப்பில் பாஸ்டன் நகர மன்றக் கட்டடம் நாட்டின் தலைசிறந்த கட்டடங்களில் ஆறாவதாக வந்தது. 1968-இல் கட்டி முடித்த கான்கிரீட் மலை அது. ஊர் மக்களில் பலருக்கோ அது பிடிக்கவில்லை, அசிங்கமான கட்டடங்களின் பட்டியலிலும் அது வந்தது. 2006-இல் மேயரே விற்றுவிடலாம் என்றார். வல்லுநர்களின் ரசனைக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

அமெரிக்காவில் 2020-இல் ஹாரிஸ் நிறுவனம் எடுத்த கணிப்பில் 72 சதவீதம் பேர் அரசுக் கட்டடங்கள் பழைய மரபில் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். மக்கள் சொல்வதைக் கேட்டுக் கட்டினால் இந்தச் சண்டையே இல்லை.

ரசமட்டம் எழுதியது:

கேட்க வேண்டும் என்பதில் நானும் உங்களோடுதான். எப்படிக் கேட்பது என்பதில்தான் வித்தியாசம்.

அந்தக் கணிப்பு, மரபுக் கட்டடக் கலைக்காக வாதாடும் ஒரு சங்கம் எடுக்கச் சொன்னது. இரண்டிரண்டு புகைப்படமாகக் காட்டி எது பிடிக்கும் என்று கேட்டார்கள். பதில் பொய் என்று சொல்லமாட்டேன், மக்களுக்குத் தூணும் வளைவும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் புகைப்படம் முகப்பை மட்டும் காட்டும். உள்ளே வெளிச்சம் எப்படி, சக்கர நாற்காலி எந்த வாசலால் வரும், கழிப்பறை எங்கே என்பது அதில் இருக்காது. இதே விஷயத்தில் அமெரிக்க அதிபரின் ஆணை ஆட்சிக்கு ஆட்சி மாறியதையும் பார்த்தோம். 2020 டிசம்பரில் மரபு பாணிக்கு முன்னுரிமை தர ஆணை, 2021 பிப்ரவரியில் ரத்து, 2025-இல் மறுபடி ஆணை. 1962-இல் அமெரிக்க அரசுக் கட்டடங்களுக்காக டேனியல் பாட்ரிக் மோய்னிஹான் எழுதிய வழிகாட்டி நெறிகளில், அரசுக்கென்று ஓர் அதிகாரப்பூர்வ பாணி உருவாகக் கூடாது என்றுதான் இருந்தது. பாணியைச் சட்டமாக்கினால் அது கட்சிக்கொடி ஆகிவிடும், நூலகம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

பாஸ்டன் விஷயத்தில் ஊர் மக்களின் பக்கம்தான் என் மனம். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு 2025-இல் நகரமே பாதுகாப்பு அந்தஸ்து கொடுத்திருக்கிறது. பிலடெல்பியா நகர மன்றத்தை 1871-இல் தொடங்கி 1901-இல்தான் முடித்தார்கள். 1950-களில் அதை இடிப்பதைப் பற்றித் தீவிரமாகப் பேசினார்கள். இன்று அது இல்லாத பிலடெல்பியாவை யாரும் நினைக்கமாட்டார்கள். ஒரு தலைமுறையின் கருத்தை வைத்து மூன்று தலைமுறை நிற்கும் கட்டடத்துக்குத் தீர்ப்பு எழுதுவது கடினம். அதனால்தான் பாணியைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. நிழல், வெளிச்சம், உட்காரும் இடம், தொட்டால் நன்றாக இருக்கும் பொருள். இவை எந்தத் தலைமுறைக்கும் பழசாவதில்லை.

எதிர்மாறான கோடியையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2010-இல் புதிய அரசு வந்து பெரிய பள்ளிக் கட்டுமானத் திட்டத்தை நிறுத்தியது. 2012-இல் புதிய பள்ளிகளுக்கு மாதிரி வரைபடம் வெளியிட்டார்கள். வளைந்த சுவர் கூடாது என்று அதில் இருந்தது. வளைந்த சுவருக்குச் செலவு அதிகம்தான், நானே கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஆனால் அதே கையோடு மேல்நிலைப் பள்ளிகளின் பரப்பையும் 15 சதவீதம் குறைத்தார்கள். வளைவைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் நடக்கும் இடம் சுருங்கியது. சிக்கனம் என்ற பேச்சு வரும்போது உண்மையில் எது வெட்டுப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

வடிகால் எழுதியது:

சரி, ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். நடுவில் ஒரு அரண்மனை, ஓரத்துக் கிளை நூலகங்களில் ஒழுகும் கூரை என்றால் நான் கடைசிவரை எதிர்ப்பேன்.

ரசமட்டம் எழுதியது:

அது நியாயம். சியாட்டில் நகரம் அதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடிக்கும். 1998-இல் 19.64 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள். மைய நூலகத்துக்கு மட்டும் கேட்கவில்லை, நகரம் முழுக்க இருந்த கிளை நூலகங்களைப் புதிதாகக் கட்டவும் புதுப்பிக்கவும் சேர்த்தே கேட்டார்கள். திட்டத்தின் பெயரே 'எல்லோருக்கும் நூலகம்'. மக்கள் பெரிய ஆதரவோடு ஒப்புக்கொண்டார்கள். 2004-இல் திறந்த மைய நூலகம் கண்ணாடியும் எஃகு வலையுமாக, பழகிய வடிவம் எதிலும் சேராதது. அதைப் பிடிக்காதவர்களுக்கும் தங்கள் தெருவில் ஒரு நல்ல கிளை கிடைத்தது.

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் பெரிய செலவுகளை வாக்குக்கு விட்டே ஆக வேண்டும். 2008-இல் புகழ்பெற்ற ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ரஃபாயெல் மொனேயோ வரைந்த மாநாட்டு அரங்கத்தை வாக்காளர்கள் தள்ளினார்கள். 2012-இல் கலை அருங்காட்சியக விரிவாக்கத்துக்கு 8.8 கோடி பிராங்கை ஏற்றார்கள். வாக்குக்கு விட்டால் மக்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பார்கள் என்பது உண்மையில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

நிலைப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வடிகால் சார், கிளை நூலகக் கூரைகளின் நிலை என்ன என்று எழுத்தில் கேட்கப் போகிறேன், அது உங்களுக்காக. முற்றமும் ஜன்னலும் வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். படிக்கட்டைப் பற்றி, இரும்புக் கதவு உண்டா என்று தெரிந்த பிறகு சொல்கிறேன். முகப்பில் மேலே ஒரு பெரிய உலோக வேலைப்பாடு இருக்கிறது. சாவிக்கொத்து அம்மாவைப் படித்த பிறகு அதை விட்டுக்கொடுக்கத் தயார்.

அடுத்த கூட்டத்தில் எனக்குச் சில நிமிடங்கள்தான் தருவார்கள். ரசமட்டம் ஐயா, ஒரே ஒரு தாள் கொண்டுபோகலாம் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்?

ரசமட்டம் எழுதியது:

இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் கட்டுமானச் செலவு, அதன் கீழே மின்சாரம், துப்புரவு, வண்ணப்பூச்சு, கூரைப் பழுது எல்லாம் முப்பது வருடத்துக்கு என்னவாகும் என்ற கணக்கு. அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம், வரைந்தவர்களிடம் கேட்டு வாங்குங்கள், தரவேண்டியது அவர்கள் கடமை. தர மறுத்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'கேட்டோம், தரவில்லை' என்று எழுதுங்கள். இரண்டாவது வரைபடம் இந்தக் கணக்கில் ஜெயிக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கண்ணாடி எவ்வளவு, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மாறும். மேற்கு வெயிலில் உயரமான ஜன்னல் நிழல் இல்லாமல் நின்றால் முற்றத்தில் மிச்சமானதை அது தின்றுவிடும்.

தாளின் அடியில் ஒரே கேள்வி. டெண்டர் விடும் நாளுக்குள் எல்லா வரைபடங்களும், கதவுக் கைப்பிடி வரைக்கும், முடிந்திருக்குமா? ஆம் என்றால் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். இல்லை என்றால் டெண்டரைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். சில மாதம் தாமதமாகும், அதனால் உங்கள் மேல் கோபப்படுவார்கள். படட்டும், கையெழுத்து வராமல் நீங்கள் ஒப்புதல் தராதீர்கள்.